ரெண்டாவது பொட்டலம்

ஓடைத்தெருவுக்கா போகணும்? இந்த உச்சி வெயில்லயா? கொஞ்சம் நில்லுங்க தாயி. அங்க போக வழி கேக்கிறவுக எல்லாரும் மொதல்ல இந்த டீக்கடையிலதான் உக்காருவாவ. பஸ்ஸும் இங்கதான் நிக்கும், நெழலும் இங்கதான் இருக்கு, நானும் இங்கதான் இருக்கேன். உக்காருங்க. கொம்பையா, அம்மாவுக்கு ஒரு டீ போடு. எனக்கும் ஒண்ணு, சீனி தூக்கலா.

என்ன சோலியா வந்திருக்கீக? கரண்டு எடுக்கிற இந்தக் காத்தாடியால பாதிக்கப்பட்டவுகளைப் பாத்துப் பேசி எழுதவா? மனித உரிமையா? நல்லது, நல்லது. அப்ப நீங்க ஓடைத்தெரு வரைக்கும் நடக்க வேண்டிய தேவையே இல்ல. கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்தாப்புல நான் முன்னால உக்காந்திருக்கேன். இந்தச் செவப்பொத்தை ஊர்ல காத்தாடியால பாதிக்கப்பட்ட ஒரே மனுசன் நான்தான். பேரு கோமதிநாயகம். பேனாவை எடுங்க.

நம்பலையா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாருங்க. மூஞ்சி இல்லாம ஒரு வீடு நிக்கில்லா? அது என் வீடு. அதுக்கு ஒரு முகப்பு இருந்துச்சு. நாலு தூணு, வழவழன்னு கல்லுத் தரை, கேட்டுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு சிங்கம். சிமெண்டுச் சிங்கம்தான், ஆனா நாக்குக்குச் செவப்புப் பெயிண்டு அடிச்சு அவ்வளவு அம்சமா இருக்கும். பஸ்ஸுல போறவுக தலையை நீட்டிப் பாத்துட்டுப் போவாவ. இப்ப என்ன இருக்கு? ஒரு தார்ப்பாய். காத்துக்கு அது ஒரு நிமிசம் நிக்காது. அது தூக்குனா எங்க வீட்டு சோபா, டி.வி., நான் துண்டோட உக்காந்திருக்கிறது, எல்லாம் பஸ் ஸ்டாப்புக்குத் தெரியும். முந்தாநாளு பஸ்ஸுல நின்ன ஒருத்தன் என்னைச் சேனல் மாத்தச் சொல்லுதான். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்லுவாவ. எனக்கு முகப்பே பறந்துட்டு.

எப்படின்னு கேளுங்க. நடந்தது நடந்தபடி சொல்லுதேன். எனக்கு ஒளிக்கத் தெரியாது.

இந்தக் காத்து இருக்கே, கணவாய் வழியா ஆனி மாசம் பொறப்பட்டு வரும். முன்னால எல்லாம் இதைத் திட்டாத ஆளு கெடையாது. சோத்துல மண்ணு, கண்ணுல மண்ணு, காயப்போட்ட வேட்டிய அடுத்த ஊர்லதான் போயி எடுக்கணும். இந்த ஊருக்குப் பொண்ணு கொடுக்கவே யோசிப்பாவ. அப்புறம் கம்பெனிக்காரன் வந்தான், காத்துக்கு மரியாதை வந்துட்டு. கம்பெனிக்கு எடம் காட்டுனது யாரு? நான்தான். எந்த நெலம் எவனோடது, எவன் பொண்ணு கல்யாணத்துக்கு முழிக்கான், எவன் அண்ணன் தம்பிகூடப் பேசுறதில்ல, எல்லாம் எனக்கு அத்துபடி. தரகர்னு சொல்லுவாவ. நான் அப்படிச் சொல்லிக்கிடுறதில்ல. ஊர்ச் சேவை. சேவை செய்யும்போது ஏதோ கையில கொடுப்பாவ, வேண்டாம்னா அவுக மனசு நோகும்.

காத்தாடி ரெக்கையைப் பக்கத்துல பாத்திருக்கீகளா? மேல சுத்தும்போது விசிறி மாதிரிதான் தெரியும். கீழ கெடத்திப் பாக்கணும். ஒத்த ரெக்கையை ஏத்திட்டு வார லாரிக்கு, தலை இந்த டீக்கடையில இருந்தா வாலு பள்ளிக்கூடத்துல இருக்கும். அது மேக்க காத்தாடி நிக்கிற பொட்டலுக்குப் போகணும்னா இந்த வளைவுலதான் திரும்பணும். திரும்பணும்னா வளைவுக்கு ஒரு பக்கம் வெட்ட வெளியா இருக்கணும். தெக்குப் பக்கம் ஓடைத்தெரு, ஒம்போது வீடு. வடக்குப் பக்கம் சொல்லிக்கிடுற மாதிரி ஒண்ணும் இல்ல. என் வீடுதான்.

அதுக்குள்ள என்ன எழுதுறீக? இருங்க, இன்னும் விசயத்துக்கே வரல.

கம்பெனி இஞ்சினீயரு ஜோபின்னு ஒரு பையன். கோட்டயத்துக்காரன், தமிழு நல்லாப் பேசுவான், பசி மட்டும் தாங்க மாட்டான். அவன் வந்து வளைவுல நின்னு டேப்பைப் பிடிச்சு அளந்துட்டு, எந்தப் பக்கம் சார்னு என்கிட்டக் கேட்டான். இதுல யோசிக்க என்ன இருக்கு தம்பின்னேன். அந்த ஒம்போது வீட்டுக்கும் பட்டா கெடையாது, பொறம்போக்கு. ஆடு மேய்க்கிறதும் அடுத்தவன் வெள்ளாமையில கூலிக்குப் போறதுமா இருக்கிற சனங்க. மூணு தலைமொறையா இருக்காவ, இல்லன்னு சொல்லல. மூணு தலைமொறையா ஒரு பட்டா வாங்கத் துப்பில்ல. மனு மட்டும் போட்டுக்கிட்டே இருப்பாவ. நான் பஞ்சாயத்துல இருந்தப்ப எத்தனை மனு என் கையில கொடுத்தாவ தெரியுமா? எல்லாத்தையும் பத்திரமாத்தான் வச்சேன். எங்க வச்சேன்னுதான் ஞாபகம் இல்ல.

அவுகளை அந்தரத்துல விட்டுரணும்னு நான் நெனைக்கல. மாத்து எடமும் நானே பாத்து வச்சேன். அந்தா தெரியுதே குன்று, அந்தப் பொத்தைக்குப் பின்னால, ஓடை திரும்புற எடம். மழைக்காலத்துல லேசாத் தண்ணி வரும். இடுப்பளவுதான். கோடையில போயிப் பாத்தா அவ்வளவு ரம்மியமா இருக்கும்.

ஆனா கம்பெனிக்குக் கடன் கொடுக்கிறது ஏதோ வெளிநாட்டு பேங்காம். அவன் ஒரு சட்டம் வச்சிருக்கான். எளிய சனங்க குடியிருக்கிற எடத்துல கை வைக்கணும்னா, அந்தச் சனங்க வெவரம் தெரிஞ்சு, மனசறிஞ்சு சரின்னு சொல்லணுமாம். அதையும் அந்தச் சனங்களோட வழக்கப்படியே கேட்டு வாங்கணுமாம். ஜோபின் இதைச் சொன்னப்ப எனக்குச் சிரிப்பா வந்துச்சு. இது தெரியாமலா தம்பி நான் இத்தனை வருசமா இந்த ஊர்ல குப்பை கொட்டுதேன்னு சொன்னேன்.

பந்தல் போட்டுக் கூட்டம் கூட்டுனோம். மைக்கு, பிஸ்கோத்து, குடிக்கக் கலரு எல்லாம் உண்டு. நான்தான் பேசுனேன். 'ஊரு வெளங்கணும்னா யாராவது ஒருத்தரு விட்டுக்கொடுத்துத்தான் ஆகணும்'னு ஒரு வார்த்தை சொன்னேன் பாருங்க, ஒரே கைதட்டு. கம்பெனி ஆளுகதான் தட்டுனாவ. ஓடைத்தெரு சனங்க பிஸ்கோத்தைக்கூடத் தொடாம உக்காந்திருந்தாவ. கடைசியில மாடத்தி எந்திரிச்சா. அந்தத் தெருவுல முப்பிடாதி அம்மன் கோயிலைப் பாத்துக்கிடுறவ. புருசன் இல்ல, ஆடு வச்சிருக்கா. சத்தம் போட்டே பேச மாட்டா, அதனாலேயே எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டுக் கேப்பாவ.

"எங்களுக்கு எதுன்னாலும் அம்மன்கிட்டப் பூக்கட்டிக் கேக்கிறதுதான் அய்யா வழக்கம். அவ சரின்னா சரி"ன்னா.

எனக்கு லட்டு தின்னாப்புல ஆயிட்டு. ஏன்னு சொல்லுதேன். பூக்கட்டிப் பாக்கிறது உங்களுக்குத் தெரியுமில்லா? ரெண்டு வாழையெலைத் துண்டு. ஒண்ணுல செவப்பு அரளி, ஒண்ணுல வெள்ளை அரளி. ரெண்டையும் ஒண்ணுபோல மடிச்சு வாழநாருல கட்டி அம்மன் காலடியில போடணும். ஒண்ணை எடுத்துப் பிரிப்பாவ. செவப்பு வந்தா சம்மதம், வெள்ளை வந்தா வேண்டாம். எல்லா ஊர்லயும் உள்ளதுதான். ஆனா ஓடைத்தெருவுல ஒரு விசேசம். யாரு கேக்க வாறாவளோ அவுகளே பூவைப் பறிச்சு அவுகளே கட்டிக் கொண்டாரணும். கேக்கிறவன் மனசு சுத்தமா இருக்கணுமாம், அதுக்காக. கள்ளன் கையில சாவியைக் கொடுத்தாப்புல இருக்கில்லா? உதாரணத்துக்குச் சொன்னேன், கள்ளன்னு எழுதிறாதீக.

நான் ரெண்டுலயும் செவப்பையே வச்சுக் கட்டிட்டேன்.

ஏன் அப்படிப் பாக்கிறீக? இதுல என்ன தப்பு? அம்மன் என்ன நெனைக்கான்னு நமக்குத் தெரியாது. அவளுக்கும் ஆயிரம் சோலி. வெள்ளைய எடுக்கவா செவப்பை எடுக்கவான்னு அவளை எதுக்குச் சிரமப்படுத்தணும்? கம்பெனிக்கும் காலம் போகுது. நான் வேலையைச் சுளுவாக்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். கொம்பையா, உனக்கு அங்க என்ன சிரிப்பு? பாலு பொங்குது பாரு.

செவ்வாக்கெழமை உச்சிப்பொழுதுல போனோம். நான், ஜோபின், இன்னும் ரெண்டு கம்பெனி ஆளு. அன்னைக்குத்தான் நான் மொதமொதல்ல ஓடைத்தெருவுக்குள்ள காலு வச்சேன். தாயி, இதைக் கண்டிப்பா எழுதிக்கோங்க, நான் வித்தியாசம் பாக்கிற ஆளே கெடையாது. அந்தத் தெரு சனங்ககிட்ட என்னை மாதிரி நல்லாப் பேசுறவன் இந்த ஊர்ல இல்ல. ரோட்டுல நின்னு எவ்வளவு நேரமானாலும் பேசுவேன். உள்ளதான் போனதில்ல. அதுக்கு ஒரு வேலை வரல. அடுத்த தெருதான், பொறந்ததுல இருந்து இங்கனதான் கெடக்கேன், வேலை வரல.

கோயில்னா பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு வேப்பமரம், ஒரு பீடம், அதுல மஞ்சள் பூசுன அம்மன். பக்கத்துல மூணு கல்லு வச்சுப் பெரிய பானையில பொங்கல் வெந்துக்கிட்டு இருந்துச்சு. மாடத்தி என் கையில இருந்த பொட்டலத்தைப் பாத்தா. என்னையும் பாத்தா.

"ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ளை. சரிதான அய்யா?"ன்னு கேட்டா.

நான் வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல. பொய் சொன்னேன்னு யாரும் சொல்ல முடியாது. தலை லேசா ஆடுச்சு. காத்து அப்படி.

என்ன கேக்கப் போறீகன்னு கேட்டா. நான் அதையும் வீட்டுலயே யோசிச்சு வச்சிருந்தேன். 'வீட்டை இடிக்கலாமா'ன்னு கேட்டா சனங்க அழும், காரியம் கெட்டுரும். அதனால, 'தாயே, காத்தாடி வண்டி இந்த வளைவுல திரும்பட்டுமா?'ன்னு மட்டும் கேட்டேன். எந்தப் பக்கமா திரும்பும்னு நான் சொல்லல, அம்மனும் கேக்கல.

பொட்டலத்தை எடுக்கிறது அந்தத் தெருவுக்குப் புதுசா வாக்கப்பட்டு வந்த பொண்ணு. அவ இன்னும் ஊர்ல எந்தப் பக்கமும் சேரலையாம், அதனால அவ எடுத்தாத்தான் செல்லுமாம். அவ ஒண்ணை எடுத்தா. மாடத்தி பிரிச்சா. செவப்பு. எனக்கு ஆச்சரியம் தாங்கல, அப்படியே கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

கம்பெனி ஆளுக கையத் தட்டுனாவ. ஓடைத்தெருவுல ஒருத்தரும் தட்டல. வாயும் வயிறுமா ஒரு பொண்ணு, கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, தன் வீட்டுச் சொவத்தைத் தடவிக்கிட்டே மெள்ளக் கீழ உக்காந்துட்டா. தலையைச் சுத்திருக்கும். நல்ல வெயிலு.

நான் கெளம்புனேன். மாடத்தி மறிச்சா. "அய்யா, இன்னும் முடியல. பொங்கல் எறக்கப் போறோம். கேக்க வந்தவுக எங்ககூட உக்காந்து ஒரு வாயி சாப்புட்டாத்தான் முடிஞ்ச மாதிரி"ன்னா.

இதான் தாயி எனக்குப் பிடிக்காதது. காரியம் முடிஞ்சாச்சு, அப்புறம் என்ன பந்தி? அதுவும் அந்த எடத்துல, அவுககூட, ஒரே வரிசையில தரையில உக்காந்து... நான் வித்தியாசம் பாக்கிறதில்லன்னு சொன்னேன்லா, அது வேற. வயிறுன்னு ஒண்ணு இருக்கு. எனக்குச் சுகர் இருக்குன்னு சொன்னேன். சர்க்கரைப் பொங்கலைக் கையால தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருன்னு சொன்னேன்.

கொம்பையா, மறுபடியும் இளிக்கியா? நீ டீயை ஆத்து.

"ஒத்தப் பருக்கை போதும் அய்யா"ன்னா. வள்ளியூர்ல ஒரு ஆளு காத்துக்கிட்டு இருக்கான்னு சொல்லிட்டு விறுவிறுன்னு வந்துட்டேன். வரும்போது திரும்பிப் பாத்தேன். ஜோபின் பய சப்பணம் போட்டு எலைக்கு முன்னால உக்காந்துட்டான். காலையில அவன் ஒண்ணும் சாப்பிடலையாம்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு பெரியவுக சும்மாவா சொன்னாவ? அன்னைக்கு நான் பந்திக்கு முந்தியிருந்தா இன்னைக்கு என் சிங்கம் ரெண்டும் கேட்டுல உக்காந்திருக்கும்.

நடந்தது என்னன்னா, ஜோபின் சொல்லித்தான் எனக்கே தெரியும். எல்லாரும் சாப்புட்டாவளாம். மாடத்தி கையக் கழுவிட்டு மறுபடியும் அம்மன் முன்னால போயி நின்னாளாம். காலடியில கெடந்த ரெண்டாவது பொட்டலத்தைக் கையில எடுத்தாளாம். ஓடைத்தெரு வழக்கப்படி மொதப் பொட்டலம் கேக்க வந்தவனுக்காம். மிச்சப் பொட்டலம் அங்க குடியிருக்கிறவுகளுக்காம். அவுகளும் ஒரு கேள்வி கேக்கலாமாம். என்ன பிரயோசனம்? மொத்தத்துல ஒரு செவப்பு, ஒரு வெள்ளை. வந்தவனுக்குச் செவப்பு போயிட்டுன்னா இருக்கிறவனுக்கு வெள்ளைதான். எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் வாயத் தொறந்து கேட்டுருவாவளாம். கேக்காம இருக்கக்கூடாதாம்.

அவ கேட்டாளாம். "தாயே, வண்டி திரும்பட்டும்னு சொல்லிட்ட. சரி. எங்க ஒம்போது வீடும் நிக்கட்டும், வடக்குப் பக்கமா திரும்பட்டும். சம்மதமா?"ன்னு.

பிரிச்சா, செவப்பு.

தெருவே எந்திரிச்சுக் குலவை போட்டுச்சாம். அந்தப் பிள்ளைத்தாச்சிப் பொண்ணு சிரிச்சாளாம், அழுதாளாம், ரெண்டும் சேத்துப் பண்ணுனாளாம். ஜோபின் வாயில பொங்கலோட என்னைத் தேடிக்கிட்டு ஓடி வந்தான். "சார், வளரே சந்தோசம். ரெண்டு பக்கமும் சம்மதம் கெடைச்சாச்சு"ன்னான்.

நான் சும்மா இருப்பேனா? கெடந்து குதிச்சேன். இது மோசடி, பித்தலாட்டம்னு கத்துனேன். அதெப்படி தம்பி ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பு இருக்கும், யாரோ மாத்தியிருக்காவன்னு சொன்னேன்.

அவன் என்னை மேலயும் கீழயும் பாத்தான். "பொட்டலம் கட்டுனது நீங்கதான சார்?"ன்னான்.

இப்ப நீங்களும் அதே மாதிரிப் பாக்காதீக தாயி. நான் கேக்கிறது ஒரே ஒரு நியாயம். அதைக் கொட்டை எழுத்துல எழுதணும் நீங்க. ஒரு மனுசன் குடியிருக்கிற வீடு. அதை இடிக்கிறதா வேண்டாமான்னு, அவன் இல்லாத எடத்துல, அவனுக்குத் தெரியாம, அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, நாலு பேரு கூடி முடிவு பண்ணலாமா? அது எந்த ஊரு நியாயம்? அவனுக்கு வாயில்லையா? அந்த வீட்டுல அவன் பொறந்த புள்ளையத் தூக்கிட்டு நடந்ததில்லையா? மனித உரிமைன்னா இதான, வேற என்ன?

எழுதலையா? எழுதுங்க. அப்புறம் மறந்துருவீக.

கேஸ் போட்டிருக்கலாமேன்னு கேப்பீக. பட்டா இருக்கில்லா, எவன் என்னை அசைக்க முடியும்னு நானும் நெனைச்சேன். ஆனா பட்டா என் வீட்டம்மா பேருல இருக்கு. செண்பகவல்லி. ஏதோ வரி விசயத்துக்காக அவ பேருல வச்சேன், இத்தனை வருசத்துல அது அவளுக்கு ஞாபகம் வரும்னு நான் நெனைச்சதில்ல. அன்னைக்கு ராத்திரி சோத்தைப் போட்டுட்டு எதுக்க உக்காந்தா.

"ஏங்க, வெள்ளை அரளி எங்க பறிச்சீக?"ன்னா.

தோட்டத்துலன்னேன்.

"நம்ம ஊர்ல வெள்ளை அரளி ஒரே ஒரு எடத்துலதான் நிக்கு. மாடத்தி வீட்டு வாசல்ல. அம்மன்கிட்டக் கேக்கப் போறவுக எல்லாரும் அவகிட்டச் சொல்லிட்டுத்தான் பறிப்பாவ. நீங்க போகலையே"ன்னா.

கையில எடுத்த சோத்தைத் தட்டுலயே போட்டுட்டேன் தாயி. பாத்துக்கோங்க. அந்த மாடத்திக்குக் காலையிலயே தெரிஞ்சிருக்கு. வெள்ளைப் பூவுக்கு ஆள் வரலன்னு தெரிஞ்சே, ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ளை, சரிதான அய்யான்னு என் மூஞ்சியப் பாத்துக் கேட்டிருக்கா. எவ்வளவு கள்ளத்தனம்! அப்பவே சொல்லியிருந்தா நான் போயி ஒரு வெள்ளையப் பறிச்சிருக்க மாட்டேனா?

செண்பகவல்லி சொல்லிட்டா. "அம்மன் காலடியில வச்ச பூ பொய்யாகக் கூடாது. ஊரு வெளங்கணும்னா யாராவது ஒருத்தரு விட்டுக்கொடுக்கணும்னு மைக்குல நீங்கதான பேசுனீக? முகப்புதான போகுது, போகட்டும்"னா. கம்பெனிக்காரன் அவகிட்டயே பேசிட்டான். நான் பக்கத்துல நின்னேன். கலரு கொடுத்தாவ.

முகப்பு இடிச்ச அன்னைக்கு நான் வள்ளியூருக்குப் போயிரணும்னுதான் நெனைச்சேன். காலு வரல. மொதத் தூணு விழுந்தப்ப நான் போயி மிச்சச் சொவத்துல கைய வச்சேன். வெயில்ல சுட்டுச்சு. அப்படியே தடவிக்கிட்டே கீழ உக்காந்துட்டேன். அழுதேன், ஒளிக்காம சொல்லுதேன். அந்த நேரம் பாத்து எனக்கு ஓடைத்தெருப் பிள்ளைத்தாச்சி ஞாபகம் எதுக்கு வந்துச்சுன்னு தெரியல. நல்ல வெயிலு அன்னைக்கும்.

அப்புறம் ரெக்கை வந்துச்சு. ஊரே வளைவுல நின்னு பாத்துச்சு. அந்த லாரி மொணங்கி மொணங்கித் திரும்பும்போது, ரெக்கையோட நுனி நான் ஈசிசேர் போட்டு உக்காருற எடத்துக்கு மேல மெதுவாத் தடவிட்டுப் போச்சு. ஓடைத்தெரு சனங்க நின்னு பாத்தாவ. ஒருத்தரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா எனக்குச் சண்டை போடவாவது தோதா இருந்திருக்கும்.

சிங்கமா? ஒண்ணு ஒடைஞ்சுட்டு. இன்னொண்ணு முழுசா இருந்துச்சு. ஒரு நாளு காணோம். பாத்தா செண்பகவல்லி வண்டி வச்சு முப்பிடாதி கோயிலுக்கு அனுப்பிட்டா. அம்மனுக்குச் சிங்கந்தான வாகனம், இங்க சும்மா மழையில நனையுதுன்னா. இப்ப தெருப் பிள்ளைக அது மேல ஏறி உக்காருதாம். அவளும் செவ்வாக்கெழமை ஆனா போயிருதா. அந்தப் பிள்ளைத்தாச்சிக்கு அதே வீட்டுல ஆம்பளப் புள்ள பொறந்துச்சு, போயி வெள்ளிக் காப்பு போட்டுட்டு வந்தா. சாப்புட்டியான்னு நான் கேக்கிறதில்ல. கையில நெய் வாசம் வரும். நான் மூஞ்சியத் திருப்பிக்கிடுவேன். நல்ல வாசம்.

கொம்பையா, இன்னொரு டீ, சீனி தூக்கலா. பேசிப் பேசித் தொண்டை வறண்டுட்டு.

இதோட முடிஞ்சாப் பரவாயில்லையே. இப்ப அடுத்த வரிசைக் காத்தாடி வருதாம். இதை விட நீளமான ரெக்கை. போன மாசம் ஜோபின் மறுபடியும் டேப்பைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னான். வளைவை இன்னும் அகலப்படுத்தணுமாம். ஒண்ணு, என் வீட்டுல மிச்சம் இருக்கிற கூடமும் அடுக்களையும் போகணும். இல்லன்னா ஓடைத்தெரு போகணும். வேற வழியே இல்லையா தம்பின்னு கேட்டேன். பொத்தையைச் சுத்தி ஒரு வழி போடலாம் சார், அங்க வீடே கெடையாது, ஆனா தூரம், கம்பெனிக்குப் பிடிக்காதுன்னான். வளைவுக்கு ரெண்டு பக்கத்துச் சனங்களும் ஒண்ணாச் சேந்து நின்னு, எங்க வீட்டைத் தொடாத, சுத்திப் போன்னு சொன்னா பேங்க்காரன் கேட்டுத்தான் ஆகணும்னான்.

ரெண்டு பக்கமும் ஒண்ணா.

நான் போனேன். ஓடைத்தெரு முக்குல, ரோட்டுலயே நின்னு மாடத்தியைக் கூப்புட்டேன். விசயத்தைச் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு. "கேப்போம் அய்யா. வண்டி பொத்தையைச் சுத்திப் போகட்டுமான்னு நீங்களே கட்டிக் கேளுங்க. எங்க கேள்வியும் அதேதான். ரெண்டு பொட்டலத்துல எது செவப்பா வந்தாலும் நமக்கு ஒரே பதிலுதான்"னா. பாருங்க, அவளும் கணக்காத்தான் இருக்கா.

அப்பாடான்னு இருந்துச்சு. அப்ப இப்பவே கேட்டுருவோமான்னேன்.

"போன தடவை கேட்டதே இன்னும் முடியலையே"ன்னா. "சாப்புடாம எந்திரிச்சுப் போயிட்டீக. எங்ககூட உக்காந்து அந்தச் சோத்தை முடிங்க. அப்புறம் என் வாசல்ல வந்து ஒரு வெள்ளைப் பூவும் நீங்களே பறிச்சுக்கோங்க"ன்னா. சத்தமே போடாமச் சொல்லிட்டு ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டா.

அதுல இருந்து செவ்வாக்கெழமை ஆனா இந்த பெஞ்சுல வந்து உக்காந்துருவேன். இங்க இருந்து பாத்தா வேப்பமரம் தெரியும். பானையில இருந்து புகை எந்திரிக்கிறது தெரியும். இன்னைக்கும் செவ்வாக்கெழமைதான். அந்தா, குலவை கேக்குதா? அம்மனுக்குப் படைச்சாச்சு, இனி எலை போடுவாவ.

ஏன் தாயி, நீங்க எப்படியும் அங்க போறீகல்லா? வரும்போது எனக்காக ஒரே ஒரு வெள்ளை அரளி பறிச்சுட்டு வந்தா என்ன? செல்லாதுங்கீகளா? ஆமா. கேக்கிறவனே பறிக்கணும். வழக்கம்னா முழுசா வழக்கம்னு ஜோபினும் சொல்லிட்டான்.

எந்திரிச்சுட்டீகளா? சரி, போயிட்டு வாங்க. எழுதுனதை ஒருக்கா வாசிச்சுக் காட்டியிருக்கலாம். என் பேரைப் பாதிக்கப்பட்டவுகள்ல மொதல்ல போடணும், ஓடைத்தெருக்காரங்களை அடுத்தாப்புல போட்டுக்கோங்க. இல்ல, சேத்தே போடுங்க. இப்ப எல்லாம் ஒண்ணுதான்.

அந்தப் பக்கம் இல்ல தாயி, அது பொட்டலுக்குப் போற வழி. அட, நீங்க ஊருக்குப் புதுசு, நாய் வேற கெடக்கும். இருங்க, நானும் வாரேன். வழி காட்டத்தான். முக்கு வரைக்கும். சரி, கோயில் வாசல் வரைக்கும், அந்தச் சிங்கம் எந்த நெலமையில இருக்குன்னு பாத்துட்டு வந்துருதேன்.

கொம்பையா, அந்த டீயை ஊத்தாதல. எனக்கு வேண்டாம். வயித்துல கொஞ்சம் எடம் கெடக்கட்டும்.